காப்பாற்றி வைத்த புத்தகத்தைக் காட்டவும் வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகங்களில் இருக்கும் பழைய புத்தகங்களை எல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட வேண்டியதுதானே, இதில் என்ன தயக்கம் என்று ஒரு வாசகரும், அப்படிச் செய்தால் எழுதிப் பிழைப்பவர் வயிற்றில் அடிப்பதாகும் என்று இன்னொருவரும் உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார்கள். இருவர் சொன்னதிலும் பாதி சரி. நான் 31 ஆண்டுகள் கிளை நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மீதிப் பாதியைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, வெட்ட வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் ஆங்கில நாளிதழ் விளம்பரம் பற்றி எழுதியிருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். தமிழ் நாளிதழ் ஒன்றில் அது அவசியம் வர வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் நூலகத்துக் கூரையில் பாதி போய்விட்டது. முறிந்து கிடந்த கிளைகளைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று அலமாரிகள் முழுக்க நனைந்து நின்றன. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. கயிறு கட்டி, புத்தகங்களைத் துணி மாதிரி கவிழ்த்துக் காயப்போட்டோம். புதிய புத்தகங்கள் ஓரளவு பிழைத்துக்கொண்டன. போனவை எல்லாம் 1940, 50களில் மலிவுத் தாளில் அச்சானவை, தொட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கும் நிலையில் இருந்தவை நனைந்ததும் கூழாகிவிட்டன. கழிவுப் பட்டியல் எழுதும்போது விலைக் கட்டத்தில் 12 அணா, ஒன்றேகால் ரூபாய் என்று எழுதிக்கொண்டே போனேன். பதிவேட்டுக் கணக்குப்படி அரசுக்கு நட்டம் சில நூறு ரூபாய்தான். அந்தப் பட்டியலில் இருந்தவற்றில் நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் இன்று எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காது.

அதில் ஒன்று எங்கள் பக்கத்து உப்பளங்களைப் பற்றி உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிய சின்னப் புத்தகம். 64 பக்கம். பாத்தி கட்டுவதிலிருந்து உப்பு வாருவது வரை ஒவ்வொரு வேலைக்கும் உப்பளத் தொழிலாளர்கள் வைத்திருந்த சொற்கள், அவர்கள் பாடிய பாட்டுகள், அப்புறம் 1930 உப்புச் சத்தியாகிரகத்தின்போது தொண்டர்களுக்குச் சோறு போடக் கூடாது என்ற தடையை மீறி ஊர்க்காரர்கள் என்னென்ன செய்தார்கள் என்று அன்று நேரில் பார்த்தவர்கள் சொன்ன செய்திகள். அந்த ஆசிரியர் சொந்தக் காசில் அச்சடித்தது. அச்சகம் எப்போதோ மூடியாகிவிட்டது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, 2022இல், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒரு பெண் அந்தப் புத்தகத்தைத் தேடி வீட்டுக்கே வந்தார். எங்களிடம் இருந்தது போய்விட்டதம்மா என்று சொன்னேன். ஆனால் வெளியூரில் ஒரு பெரிய நூலகத்தில் ஒரு பிரதி இருப்பதும் அதை ஸ்கேன் செய்துவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெண் சார்பில் நானே கடிதம் எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. மூல நூல் மிகவும் நைந்திருப்பதால் வாசகருக்குத் தர இயலாது, ஸ்கேன் செய்த கோப்புக்குப் பதிப்புரிமை இருக்கக்கூடும் என்பதால் அதையும் காட்ட இயலாது.

அந்தப் பதிலை எழுதிய அலுவலரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் துறை என் பக்கம் நிற்குமா என்ற பயம் ஒவ்வொரு நூலகருக்கும் உண்டு. ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகுதான் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். 31 ஆண்டு வேலை பார்த்தபோது படிக்காததை ஓய்வுக்குப் பிறகு படித்தேன்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவுதான் நமக்கு வேண்டியது. எதை எல்லாம் செய்தால் உரிமை மீறல் ஆகாது என்று அதில் வரிசையாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். 2012இல் திருத்தம் செய்தபோது அந்தப் பட்டியலில் நூலகங்களுக்காக ஒரு வரி சேர்த்தார்கள்: இலாப நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் எந்த நூலையும் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். நல்ல வரி, எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சேமிக்கலாம் என்பதோடு அந்த வரி முடிந்துவிடுகிறது. சேமித்ததை யாருக்குக் காட்டலாம், நூலகத்துக்கு உள்ளேயே ஒரு கணினித் திரையில் காட்டலாமா, இன்னொரு நூலகத்துக்கு அனுப்பலாமா, ஒன்றும் இல்லை.

இதைவிட என்னை உலுக்கியது அதே பிரிவில் பழைய காலத்திலிருந்தே இருக்கும் இன்னொரு வரி. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத ஒரு நூலைப் பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். அதாவது அந்த 64 பக்கத்தையும் ஜெராக்ஸ் போட்டு, பைண்டு செய்து, அலமாரியில் வைத்திருந்தால் அந்தப் பெண் தாராளமாக உட்கார்ந்து படித்திருக்கலாம், சட்டம் அன்றும் அனுமதித்தது, இன்றும் அனுமதிக்கிறது. இது எனக்கும் தெரியாது, எனக்குப் பதில் எழுதியவருக்கும் தெரிந்திருக்காது. எங்களுக்கு நடந்த எத்தனையோ பயிற்சி முகாம்களில் நூல் வகைப்பாடு சொல்லிக்கொடுத்தார்கள், கணினி சொல்லிக்கொடுத்தார்கள், 52ஆம் பிரிவை ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. பிரதி என்றால் காகிதப் பிரதிதான் என்று சட்டம் சொல்லவில்லையே, திரையில் தெரிவதும் ஒரு பிரதிதானே என்று வழக்கறிஞர் நண்பர் ஒருவர் வாதிடுகிறார். இருக்கலாம். ஆனால் அதை நம்பி முதலில் துணியப்போகும் நூலகர் யார்?

பார்வையற்ற வாசகர்கள் விஷயத்தில் இந்தப் பயம் இன்னும் கொடுமையாக வேலை செய்கிறது. எங்கள் நூலகத்துக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்க ஒரு பையன் வருவான், பார்வை கிடையாது. கணினி வாசித்துச் சொல்லக் கேட்டுத்தான் படிப்பான். அவனுக்கு வேண்டிய ஒரு புத்தகத்தின் கோப்பை ஓரிடத்தில் கேட்டபோது பதிப்புரிமை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அவனுடைய நண்பன் ஒருவன் இரவு இரவாக உட்கார்ந்து 300 பக்கத்துக்கு மேல் வாசித்து போனில் பதிவு செய்து கொடுத்தான். மாற்றுத்திறனாளி படிக்கத் தோதான வடிவத்தில் எந்த நூலையும் யார் வேண்டுமானாலும் இலாபம் இல்லாமல் மாற்றிக் கொடுக்கலாம் என்று அதே 52ஆம் பிரிவில் 2012இலேயே தெளிவாகச் சேர்த்துவிட்டார்கள். பார்வையற்றோருக்கு நூல்கள் எளிதில் கிடைப்பதற்கான மராகேஷ் ஒப்பந்தத்தை உலகத்திலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா, 2014இல். 2016இல் இதற்காகவே சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தையும் தொடங்கினார்கள். இவ்வளவும் இருந்தும் அந்தப் பையனுக்கு ஒரு கோப்பு கிடைக்கவில்லை.

சரி, வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். கூகுள் வழக்கை நிறையப் பேர் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். 2004 டிசம்பரில் ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், மிச்சிகன், ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகங்களோடும் நியூயார்க் பொது நூலகத்தோடும் சேர்ந்து நூல்களை ஸ்கேன் செய்யப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. பதிப்புரிமை உள்ள நூல்களையும் அனுமதி கேட்காமல் சேர்த்தார்கள் என்பதால் 2005இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. அந்த நாட்டுச் சட்டத்தில் நியாயப் பயன்பாடு என்று ஒன்று உண்டு. நம்முடையதைப் போல மூடிய பட்டியல் இல்லை, நீதிபதி நான்கு விஷயங்களை எடைபோட்டுப் பார்ப்பார்: எதற்காக எடுத்தாய், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தாய், மூல நூலின் விற்பனைக்கு இதனால் என்ன கேடு. 2013இல் மாவட்ட நீதிமன்றமும் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூகுள் செய்தது நியாயப் பயன்பாடுதான் என்றன, 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு விசாரிக்க மறுத்துவிட்டது. அதற்குள் 2 கோடி நூல்களுக்கு மேல் ஸ்கேன் ஆகியிருந்தன.

இதைச் சொல்லி இங்கேயும் எல்லாவற்றையும் இணையத்தில் போடலாம் என்று வாதிடுகிறவர்கள் தீர்ப்பை முழுதாகப் பார்க்க வேண்டும். உரிமை உள்ள நூலை முழுதாகப் படிக்கக் கொடுக்கலாம் என்று அந்த நீதிமன்றம் சொல்லவே இல்லை. ஒரு சொல்லைத் தேடினால் அது எந்த நூலில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டி, கூடவே சில வரித் துணுக்கு மட்டும் தெரியும். எவ்வளவு பாடுபட்டுத் துணுக்குகளைச் சேர்த்தாலும் ஒரு நூலில் 16 சதவீதத்துக்கு மேல் தேறாது, அதுவும் தொடர்ச்சியில்லாமல். அதனால் விற்பனை கெடாது என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. இதே மாதிரி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து நடத்தும் ஹாத்திட்ரஸ்ட் என்ற மின்னூலகத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். தேடுவதற்காக முழு நூலையும் ஸ்கேன் செய்து வைப்பதும் பார்வையற்றவர்களுக்கு முழு நூலையும் கொடுப்பதும் நியாயப் பயன்பாடு என்று 2014இல் தீர்ப்பு வந்தது. மறுபக்கம், தன்னிடமுள்ள அச்சுப் பிரதிக்கு ஈடாக ஸ்கேனை இரவல் கொடுத்துவந்த இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் 2023இலும், மேல்முறையீட்டில் 2024 செப்டம்பரிலும் தோற்றுவிட்டது. அங்கே வழக்குக்கு வந்த நூல்கள் பெரிய பதிப்பகங்கள் விற்றுக்கொண்டிருந்தவை, மின்னூலாகவும் கிடைத்தவை. கடையில் இருப்பதை இலவசமாகக் கொடுப்பது வேறு, கடையிலேயே இல்லாததைக் காட்டுவது வேறு. நம் ஊர் விவாதத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

கூகுள் வழக்கின் நடுவே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2008இல் கூகுளும் வழக்குத் தொடுத்தவர்களும் 12.5 கோடி டாலருக்குச் சமரச ஒப்பந்தம் போட்டார்கள். நீதிபதி டென்னி சின் அதை 2011இல் நிராகரித்தார். உரிமையாளர் யார் என்றே தெரியாத லட்சக்கணக்கான நூல்கள் ஒரே நிறுவனத்தின் பிடிக்குள் போய்விடும், அப்படிப்பட்ட நூல்களை என்ன செய்வது என்பதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும், இரண்டு தரப்பு சேர்ந்து போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் அல்ல என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது. அனாதை நூல்கள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். தமிழில் பழைய நூல்களில் பெரும்பகுதி இந்த நிலையில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

நம் சட்டத்தில் ஓர் எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு எண்ண வேண்டும். முன்பு 50 ஆக இருந்தது. தாகூர் நூல்களின் உரிமை 1991 முடிவில் காலாவதியாகவிருந்த சமயத்தில் 60 ஆக நீட்டினார்கள். ஒரு தாகூருக்காக நீட்டியது உப்பளப் புத்தகம் எழுதிய வாத்தியாருக்கும் சேர்த்து நீண்டுவிட்டது. 1965இல் மறைந்தவர் நூல் 2026 ஜனவரியில்தான் பொதுவாகிறது. தாகூர் எப்போது மறைந்தார் என்று உலகத்துக்கே தெரியும். ஒரு கிராமத்து ஆசிரியர் எந்த ஆண்டு இறந்தார் என்று நூலகர் எங்கே போய்க் கேட்பார்? 60 ஆண்டு முடிந்துவிட்டதா இல்லையா என்றே தெரியாமல் பாதிப் புத்தகங்கள் பூட்டிக் கிடக்கின்றன.

இப்போது விட்டுவிட வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு வருகிறேன். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூலை வெளியிடச் சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 31அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆசிரியர் இறந்துவிட்டார் அல்லது யாரென்று தெரியவில்லை, உரிமையாளர் கிடைக்கவில்லை என்றால் விண்ணப்பித்து உரிமம் வாங்கலாம். விண்ணப்பிக்கும் முன் நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். எந்த நாளிதழில்? நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஓர் ஆங்கில நாளிதழில். மொழிபெயர்ப்பு வெளியிடுவதானால் மட்டும் அந்த மொழி நாளிதழிலும் கொடுக்க வேண்டும். அதாவது, வேதாரண்யம் பக்கத்து ஆசிரியர் தமிழில் எழுதிய புத்தகத்தைத் தமிழிலேயே திரும்பக் கொண்டுவர ஒருவர் நினைத்தால், வாரிசுகளைத் தேடும் விளம்பரம் ஆங்கிலத்தில் வந்தால் போதும் என்கிறது சட்டம். அந்த ஆசிரியரின் பேரனும் பேத்தியும் டீக்கடையில் உங்கள் நாளிதழைப் புரட்டுகிறவர்கள். அவர்கள் கண்ணில் அந்த விளம்பரம் எப்படிப் படும்? வாரிசின் உரிமையைக் காப்பதற்காக வைத்த விதி வாரிசுக்கே தெரியாமல் போகும்படி இருக்கிறது. ஆங்கில நாளிதழில் ஒரு விளம்பரத்துக்கு ஆகும் செலவும் அதற்கப்புறம் வழக்கறிஞர் செலவும் 12 அணா புத்தகத்துக்காக எந்தக் கிளை நூலகம் செய்யும்? நூல் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழி நாளிதழில், நூல் வெளியான வட்டாரத்தில் விற்கும் பதிப்பில் விளம்பரம் வர வேண்டும் என்று ஒரு திருத்தம் செய்தாலே பாதி வாரிசுகள் தாமாகவே வந்துவிடுவார்கள்.

நாட்டுடைமை இருக்கிறதே என்று கேட்பார்கள். அது தமிழ்நாட்டுக்கே உரிய பெரிய காரியம். 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு பாரதி நூல்களின் உரிமையை வாங்கி அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக்கியதிலிருந்து எத்தனையோ எழுத்தாளர்களின் குடும்பங்களுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை மக்கள் சொத்தாக்கியிருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நானே என் பேத்திக்குக் காட்டிப் படித்திருக்கிறேன். ஆனால் நாட்டுடைமை ஆவது பெயர் தெரிந்த எழுத்தாளர்கள். ஒரே ஒரு புத்தகம் எழுதியவர், தன் ஊரைப் பற்றியோ தொழிலைப் பற்றியோ சாதி சங்க மலரிலோ எழுதியவர், நாட்டு வைத்தியர், கூத்துக்காரர், இவர்கள் யாரும் அந்தப் பட்டியலுக்குள் ஒருநாளும் வரப்போவதில்லை. ஆய்வு மாணவர்கள் எங்களிடம் வந்து கேட்டதெல்லாம் இவர்கள் எழுதியதைத்தான்.

இப்படிப்பட்டவற்றைச் சேர்த்து வைத்தவர்களும் நம்மிடம் தனி மனிதர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒற்றை ஆளாகச் சேர்த்த நூல்களை அவர் மறைவுக்குப் பிறகு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைத்தது நம் அதிர்ஷ்டம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அந்த இழப்பைப் பார்த்தவர்கள் நிறைந்த சமூகத்திலிருந்துதான் 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத் திட்டம் தொடங்கியது, ஈழத்து நூல், இதழ், துண்டுப் பிரசுரம் வரை சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு பிரதி ஒரே ஒரு கட்டடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எங்களுக்குக் கஜா நடத்தியது.

சேமித்ததைக் காட்டுவதற்கு ஜப்பானில் ஒரு வழி செய்திருக்கிறார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்களுடைய தேசிய நூலகம் ஸ்கேன் செய்த நூல்களில் கடையில் கிடைக்காதவற்றை மட்டும் 2014 முதல் மற்ற நூலகங்களில் திரையில் படிக்கக் கொடுத்தது. 2021இல் சட்டத்தைத் திருத்தி, 2022 மே முதல், பதிவு செய்துகொண்ட வாசகர் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றாக்கினார்கள். நார்வேயில் இன்னும் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட ஓர் ஆண்டு வரை வெளியான நார்வே நூல்களை அந்த நாட்டில் இருக்கும் எவரும் தேசிய நூலகத்தின் தளத்தில் படிக்கலாம், அதற்காக நூலகம் உரிமையாளர்களின் அமைப்புக்குப் பணம் கொடுக்கிறது, என் நூல் வேண்டாம் என்று சொல்கிறவர் விலகிக்கொள்ளலாம். பணம் எங்கே என்று கேட்டால், நம் மாநிலத்தில் சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி ஒவ்வொரு வீட்டுக்காரரும் கட்டுகிறோம். 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது.

பதிப்பாளர்களின் கவலை எனக்குத் தெரியாததல்ல. புத்தகம் வெளியாகி ஒரு மாதத்துக்குள் பிடிஎஃப் ஆகி டெலிகிராமில் சுற்றுகிறது, முந்நூறு பிரதி அச்சடித்து விற்கப் போராடுகிறவருக்கு அது நேரடி அடி, அதைச் செய்கிறவர்கள் வாசிப்பை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்வதை நான் ஏற்கவே மாட்டேன். அது திருட்டு. விற்பனையில் இருக்கும் ஒரு நூலைக்கூட நூலகம் இணையத்தில் திறந்துவிடக் கூடாது. நான் கேட்பது கடையில் கிடைக்காத நூலை மட்டும். அதையும் எடுத்த எடுப்பில் வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை, முதலில் நூலகத்துக்கு உள்ளே ஒரு திரையில் காட்டட்டும், நகலெடுக்க முடியாதபடி. பெயர்ப் பட்டியலை ஆறு மாதம் முன்பே தமிழ் நாளிதழிலும் இணையத்திலும் போடட்டும். வாரிசோ பதிப்பாளரோ வந்து மறுபதிப்புப் போடப் போகிறேன் என்றால் அன்றைக்கே எடுத்துவிடட்டும், அதுவரை படித்ததற்கு ஒரு தொகையும் கொடுக்கட்டும். இதனால் யாருடைய விற்பனை போகும்? எனக்குத் தெரிந்து ஒருவர் தேடுகிறார், பத்து பேர் தேடுகிறார்கள் என்று பதிப்பாளருக்குத் தெரிந்தால்தான் அந்த நூல் மறுபடி அச்சுக்கே வரும்.

தேடுவதற்கு மட்டுமாவது உடனே செய்யலாம். நம் நூலகங்கள் ஸ்கேன் செய்தவற்றில் பெரும்பாலானவை வெறும் படம்தான், உள்ளே இருக்கும் எழுத்தைத் தேட முடியாது. எழுத்துணரி, அதாவது படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்தறியும் மென்பொருள், வைத்துத் தேடும்படி செய்து, இந்தச் சொல் இந்த நூலில் இத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் கூடப் போதும், ஆய்வாளர் பஸ் ஏறி அந்த நூலகத்துக்கு வந்துவிடுவார். இப்போது எந்த ஊர் அலமாரியில் எது இருக்கிறது என்பதே தெரியாமல் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களின் ஞாபகத்தை நம்பி வருகிறார்கள்.

நம் நீதிமன்றங்கள் இதற்கெல்லாம் எதிரி என்று நினைக்கவும் காரணம் இல்லை. தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012இல் போட்ட வழக்கில், பாடத்துக்கு வேண்டிய பக்கங்களை நகலெடுத்துத் தொகுப்பது குற்றமல்ல என்று 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. பதிப்புரிமை என்பது தெய்வம் கொடுத்த உரிமையல்ல, மக்களின் அறிவு வளர ஊக்கம் கொடுப்பதற்காக உண்டாக்கியது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். பதிப்பகங்களும் மறு ஆண்டே வழக்கைக் கைவிட்டுவிட்டன. பதிப்புரிமை மத்தியப் பட்டியலில் இருப்பதால் சட்டத்தைத் திருத்துவது தில்லியின் வேலை. ஆனால் இன்றைய சட்டத்திலேயே என்னென்ன செய்யலாம், மூன்று பிரதி விதி, பார்வையற்றோர் விதி, தனிப்பட்ட ஆய்வுக்கான நியாயமான பயன்பாடு, இவற்றைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி, இதன்படி நடந்தால் துறை உங்களுக்குத் துணை நிற்கும் என்று ஒரு சுற்றறிக்கையை எல்லா நூலகருக்கும் அனுப்ப மாநில அரசு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த ஆய்வு மாணவி என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. அவர் விடவில்லை. ஆசிரியர் வேலை பார்த்த பள்ளியின் பழைய பதிவேட்டிலிருந்து தொடங்கி, ஊர் ஊராக விசாரித்து, கடைசியில் ஒரு பேத்தியைக் கண்டுபிடித்தார். தாத்தா புத்தகம் எழுதியிருக்கிறாரா என்று அந்த அம்மா கேட்டாராம். வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. அந்தப் புத்தகத்தை நான் பார்க்க முடியுமா என்றுதான் அவர் அடுத்துக் கேட்டது. அவருக்குத் தெரிந்த வாரிசுகள் ஐந்து பேர், ஒருவர் திருப்பூரில், ஒருவர் சிங்கப்பூரில். ஐந்து கையெழுத்தும் சேர்ந்து நூலகத்துக்குப் போய்ச் சேர 14 மாதம் ஆனது. ஸ்கேன் வந்தது. பேத்தி அதைத் தன் போனில் வைத்துக்கொண்டு ஒரே இரவில் படித்து முடித்தார், 64 பக்கம்தானே.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ அப்பாவோ ஒரு புத்தகம் எழுதியிருந்தால், சட்டம் மாறும் வரை காத்திருக்காமல் குடும்பத்தார் சேர்ந்து ஒரு வரி எழுதி அருகிலுள்ள நூலகத்தில் கொடுக்கலாம். அந்தக் குடும்பம் எழுதிக் கொடுத்ததை அவர்கள் சம்மதத்தோடு பெயர் நீக்கிக் கீழே தருகிறேன். இடமிருந்தால் வெளியிடுங்கள், மற்றவர்களுக்கு மாதிரியாக இருக்கும்.

"எங்கள் தாத்தா எழுதிய இந்த நூலை எந்தப் பொது நூலகமும் மின்வடிவில் வைத்துக்கொண்டு, கேட்கும் எவருக்கும் கட்டணமில்லாமல் படிக்கக் கொடுக்கலாம். அச்சடித்து விற்பதானால் மட்டும் எங்களைக் கேட்க வேண்டும். இதற்கு நாங்கள் ஐவரும் சம்மதிக்கிறோம்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
வேதாரண்யம் வட்டம்